சான்றிதழைப் பெட்டிக்குள் வைக்கும் முன்

2009 இல் யுத்தம் முடிந்த பின்னர் வன்னியில் ஊருக்கு ஊர் தையற் பயிற்சிகள் நடந்தன. சில மாதப் பயிற்சி, கடைசி நாளில் ஒரு சான்றிதழ், சில இடங்களில் ஒரு தையல் மெசினும் கிடைத்தது. குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் நம்பிக்கையோடு போனார்கள். ஆனால் ஒரே ஒழுங்கையில் பத்துப் பேர் தைக்கப் பழகினால் யாருக்கு யார் தைத்துக் கொடுப்பது? வேலை கேட்டுப் போன இடத்திலோ "இந்தச் சான்றிதழை யார் தந்தது?" என்று கேட்டார்கள். பலரது சான்றிதழ் இன்றும் பெட்டிக்குள்தான் கிடக்கிறது.

பழகிய பெண்களில் பிழை இல்லை. பயிற்சி கொடுத்தவரும் வேலை கொடுப்பவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை.

அரசும் தனியார் துறையும் சேர்ந்து பயிற்றும் முறை நமது நாட்டிற்குப் புதிதல்ல. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த 'நைற்றா' எனப்படும் பயிலுநர் பயிற்சி அதிகார சபை, பிள்ளைகளைத் தொழிற்சாலை, கராஜ், ஹோட்டல் போன்ற வேலைத்தலங்களிலேயே பயில விடுகின்றது. முதலாளி மெசினையும் வேலையையும் தருகிறார். அரசு மேற்பார்வை செய்து பரீட்சித்துச் சான்றிதழ் தருகிறது. வீட்டில் கால்மெசின் மிதித்தவருக்கு ஜூக்கி மெசினின் வேகம் முதலில் பயத்தையே தரும். அந்தப் பயம் வகுப்பறையில் போகாது, வேலைத்தலத்தில்தான் போகும்.

2016 இல் ஜேர்மனியின் உதவியுடன் கிளிநொச்சி அறிவியல் நகரில் திறக்கப்பட்ட தொழிற்பயிற்சி நிறுவனத்தில் மோட்டார் வாகனம், உணவுத் தொழில்நுட்பம், தகவல் தொழில்நுட்பம் முதலியன கற்பிக்கப்படுகின்றன. மகளுக்குத் தையல் மட்டும்தான் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.

இப்போது கேட்க வேண்டிய சான்றிதழ் என்.வி.கியூ, அதாவது தேசிய தொழில் தகைமை. இதில் ஏழு மட்டங்கள் உண்டு. நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்திற்குச் சமம். ஒரு தொழிலுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை அத்தொழில் செய்வோரையும் வைத்தே வகுத்திருக்கிறார்கள். அதனால் இது யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஒரே பெறுமதி உடையது.

படிப்பு இடையில் நின்றுபோன சகோதரிகள் இதைக் கவனியுங்கள். பல வருடமாகத் தைப்பவர், கேக் செய்பவர், சமையல் செய்பவர் மீண்டும் வகுப்பில் இருக்கத் தேவையில்லை. முன்அனுபவத்தை மதிப்பிட்டே என்.வி.கியூ வழங்கும் வழி உண்டு. செய்த வேலைகளின் படங்கள், ஓடர் எழுதிய கொப்பி, வேலை செய்த இடத்தின் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். மதிப்பிடுபவர் உங்களைச் செய்து காட்டச் சொல்வார். குறை இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் பழகினால் போதும். நைற்றாவிலோ தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ விசாரிக்கலாம்.

அடுத்த தடவை யாராவது பயிற்சிக்குப் பெயர் பதிய வந்தால் முதலில் இவற்றைக் கேளுங்கள்: இந்த நிலையம் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டதா? என்.வி.கியூ எத்தனையாம் மட்டம்? எந்த வேலைத்தலத்தில் பயிற்சி, எத்தனை மாதம், கொடுப்பனவு உண்டா? பிள்ளையை யாரிடம் விடுவது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். பல பெண்கள் பாதியில் நின்றது பாடம் விளங்காமல் அல்ல, பஸ் இல்லாமல்.