நல்ல மரம், நல்ல படுக்கை ஆகாது

வடமராட்சி வீடுகளில் கோழிக்குஞ்சும் முயலும் வளர்ப்பது புதிதல்ல. இப்போது கினிப்பன்றியும் ஹம்ஸ்டரும் சேர்ந்திருக்கின்றன. கூட்டின் அடியில் ஈரம் உறிஞ்ச ஏதாவது பரப்ப வேண்டும். தொண்டைமானாறு போன்ற ஊரில் கைக்கெட்டியது பக்கத்துத் தச்சுப்பட்டறையின் சீவலும் மரத்தூளும்தான். மரத்திலிருந்து வந்தது, இயற்கையானது, தீங்கு செய்யாது என்று நம்பிச் சாக்கில் அள்ளி வருகிறோம். அந்த நம்பிக்கை ஆபத்தானது. எந்தக் குணத்துக்காக ஒரு மரத்தைக் கதவுக்கும் நிலைக்கும் தேடி வாங்குகிறோமோ, பெரும்பாலும் அதே குணம்தான் அதன் சீவலைச் சிறு பிராணிகளின் படுக்கைக்கு உதவாததாக்குகிறது.

பூச்சியும் பங்கசும் தாக்கும்போது மரத்தால் எழுந்து ஓட முடியாது. அதனால் தன் வைரத்தில் பிசினையும் காரப் பொருள்களையும் வாசனை எண்ணெய்களையும் சேர்த்துவைத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. கறையான் அரிக்காத மரம் என்று நாம் மெச்சுவது இந்த இரசாயனக் காவலைத்தான். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணிக் கப்பல் வேப்பமரத்தால் ஆனது என்பார்கள். மரத்தின் உறுதிக்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் உறுதியான மரம் என்பதால் அதன் தூளும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட முடியாது. எங்கள் வீடுகளின் பெருமையான முதிரையையே பாருங்கள். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த மரத்தை அறுத்து இழைத்த பிரித்தானியத் தொழிலாளர்களுக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் வந்தன. ஆராய்ந்தவர்கள் அந்த மரத்திலிருந்தே ஓர் அற்கலோயிட்டைப் பிரித்தெடுத்தார்கள். தேக்கின் தூளும் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தருவது மருத்துவர்கள் அறிந்ததே.

பிராணிகளில் கிடைத்த சான்று இன்னும் நேரடியானது. சிவப்புச் சீடார் சீவலில் வளர்ந்த ஆய்வுகூட எலிகளுக்கு மயக்கமருந்து கொடுத்தால், அவை வழக்கத்தைவிட விரைவில் விழித்துக்கொள்வதை 1966இல் கவனித்தார்கள். அடுத்த ஆண்டு எலியட் வெசல் என்ற அமெரிக்க ஆய்வாளர் ‘சயன்ஸ்’ இதழில் காரணத்தை விளக்கினார். சீடார், பைனஸ் போன்ற மென்மரச் சீவலிலிருந்து எழும் ஆவிப்பொருள்கள் எலியின் ஈரலில் மருந்தைச் சிதைக்கும் நொதியங்களைத் தூண்டிவிடுகின்றன. பீச், பேர்ச், மேப்பிள் போன்ற வன்மரச் சீவலில் அந்த விளைவு இல்லை. தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் உயிரியல் வினாத்தாளுக்கு விடை எழுதிப் பழகிய எந்த மாணவருக்கும் இதன் பொருள் விளங்கும்: படுக்கையின் வாசனை மூக்கோடு நிற்கவில்லை, ஈரல்வரை போய் வேலை செய்திருக்கிறது.

நொதியம் கூடியதே நோயாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாதுதான். சூளையில் உலர்த்திய பைனஸில் ஆவிப்பொருள்கள் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதும் உண்மை. ஆனால் பட்டறையில் அள்ளும் சீவல் சூளை கண்டதா, எந்த மரத்தது என்று யார் சொல்வது? இன்னொரு வாதமும் உண்டு: தச்சர் ஆயுள் முழுக்க அந்தத் தூளில்தானே நிற்கிறார், அவருக்கு என்ன வந்தது? மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இல் வகைப்படுத்தியதே இதற்குப் பதில். மேற்கத்தியச் சிவப்புச் சீடாரை அறுக்கும் ஆலைத் தொழிலாளரிடம் அதன் பிளிக்காற்றிக் அமிலம் ஆஸ்துமாவை உண்டாக்குவதும் நிறுவப்பட்ட செய்தி. அத்தோடு, தச்சர் மாலையில் குளித்துவிட்டு வீடு போகிறார். கினிப்பன்றியோ இருபத்துநான்கு மணி நேரமும் அந்தத் தூளுக்குள் மூக்கைப் புதைத்தபடி உண்டு உறங்குகிறது.

மரத்தின் சொந்தக் காரம் போதாதென்று மனிதர் பூசியதும் சேர்கிறது. ஒட்டுப்பலகைத் தூளில் போமல்டிகைட்டுப் பசை இருக்கும். கப்பலில் வந்த பொதிப்பலகையில் ‘எம்பி’ முத்திரை இருந்தால் அது மீதைல் புரோமைட்டுப் புகை ஊட்டியது. வாசனையே இல்லாத வெளிர்ந்த றப்பர் மரத்தையும் பூச்சி துளைக்காமலிருக்கப் பெரும்பாலும் போரன் சேர்மங்களில் ஊறவைக்கிறார்கள். பிரித்தானியாவில் கோழியிறைச்சியில் பூஞ்சண நாற்றம் வீசியதன் காரணத்தை 1972இல் கண்டறிந்தபோது, அது பண்ணைத் தரையில் பரப்பிய மரச்சீவலில் போய் நின்றது: மரத்துக்கு அடித்த குளோரோபீனோலைப் பங்கசு வேறொரு சேர்மமாக மாற்றி, அது இறைச்சிவரை ஏறியிருந்தது. எங்கள் மாரிகாலத்தில் ஈரச் சீவலில் பங்கசு பிடிக்க நாள் எடுக்காது. சிறுநீர் ஊறிய இடத்தில் பக்ரீரியா அமோனியாவைக் கிளப்பிவிடும். மூச்சுக்குழாய் அதில்தான் முதலில் புண்படும்.

கடையில் விற்கும் இறக்குமதிப் படுக்கை எல்லோருக்கும் கட்டுபடியாகாது என்பது நியாயமான பேச்சு. அதை வாங்கச் சொல்லவில்லை. அரித்துத் தூள் நீக்கிய உமி கோழிக்குஞ்சுக்குப் போதும். முயலுக்கு நன்றாகக் காய்ந்த வைக்கோல். ஹம்ஸ்டருக்கும் கினிப்பன்றிக்கும் கீலமாகக் கிழித்த அச்சிடாத தாள். சீவல்தான் வேண்டுமென்றால் சீவுளியிலிருந்து சுருளாக விழுந்ததை மட்டும் எடுங்கள், வாள் அறுத்த தூளை விடுங்கள். ஒரு பிடி அள்ளி உதறுங்கள்: கையில் மா போல ஒட்டினால் அது நுரையீரலிலும் ஒட்டும், முகர்ந்தால் மூக்கில் காரம் ஏறினால் வேண்டாம், பிழிந்து கட்டியாக நின்றால் ஈரம். நனைந்த பகுதியை அன்றாடம் அள்ளிக் கொட்டுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில், சாக்கை நீட்டுமுன் தச்சரிடம் கேளுங்கள்: இது என்ன மரம், மருந்து அடித்ததா? பதில் தெளிவாக வராவிட்டால் அந்தச் சீவலைக் கூட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். கூட்டிலுள்ள உயிருக்குத் தன் படுக்கையைத் தானே தெரிவுசெய்யும் வழி இல்லை. அந்தப் பொறுப்பு கூட்டைப் பூட்டியவருடையது.