ஸ்காபரோவில் ஒடியற்கூழ்

ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதியாகிய ஸ்காபரோவில், தை மாதத்துப் பனி முற்றத்தை மூடிக் கிடக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலே கூழ் காய்ச்ச எண்ணும் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று, அதற்கு வேண்டிய பதார்த்தங்களுக்காக அதிகம் அலைய வேண்டியதில்லை என்பதுதான் இவ்விஷயத்தில் முதலில் வியப்பைத் தருவது. ஒடியல் மா பைகளில் அடைத்து வருகிறது. நண்டும் இறாலும் கணவாயும் உறைந்த நிலையில் கிடைக்கின்றன. மரவள்ளியும் பலாக்கொட்டையும் அவற்றுக்குப் பக்கத்துப் பெட்டியிலேயே இருக்கின்றன. பயித்தங்காயைச் சீனக் கடையில் வாங்கலாம். முருங்கையிலை அகப்படாத நாளில் ஸ்பினாச் கீரை அதன் ஸ்தானத்தை ஏற்றுக்கொள்கிறது. கோலி மடித்துக் குடிப்பதற்குப் பிலாவிலை மாத்திரம் இல்லை.

ஆயினும், எல்லாம் குசினி மேசைக்கு வந்து சேர்ந்ததனாலே கூழ் வந்துவிடுவதில்லை. பனங்கிழங்கைப் பச்சையாகவே கிழித்து வெயிலில் உலர்த்தி இடித்த அந்த மாவுக்கு இயல்பாகவே ஒரு கசப்பு உண்டு. அதனை நிறையத் தண்ணீரிலே கரைத்து, மா அடியில் படியும் வரை பொறுத்திருந்து, மேலே தெளிந்து நிற்கும் நீரை ஊற்றிவிட்டு, தேவையானால் மறுபடியும் அவ்வாறே செய்த பிற்பாடுதான் அது கூழுக்கு உரியதாகிறது. ஒடியல் மாவை எலிகளுக்கு ஊட்டி ஆராய்ந்த விஞ்ஞானிகள் அதில் நச்சுத்தன்மை உண்டெனக் கண்டிருக்கிறார்கள். அவ்வாராய்ச்சி எதனையும் அறியாத நம் அம்மம்மாமாரோ, தலைமுறை தலைமுறையாக அந்த நீரை வடித்தே வந்திருக்கிறார்கள். ஏன் வடிக்கிறோம் என்று அவர்கள் விளக்கியதில்லை. விளக்கம் கேட்ட பிள்ளைகளும் சிலரே.

மாற்றுப் பொருளைக் கண்டு முகஞ்சுளிப்பது என் நோக்கமன்று. சிவப்பரிசி மா தட்டுப்பாடான காலத்தில் ஊரிலேயே அமெரிக்கன் மா என்ற கோதுமை மாவில் பிட்டும் இடியப்பமும் அவித்தவர்களல்லவா நாம்! கோதுமை மாவைத் துணியிலே கட்டி, நீர் படாமல் ஆவியில் அவித்து, சூடு ஆறுவதற்கு முன்னரே கட்டிகளை உடைத்து அரிதட்டில் அரித்தெடுக்கும் அந்த உபாயத்தை எந்தப் புத்தகமும் நமக்குக் கற்பிக்கவில்லை. ஆவி பட்டவுடன் மாவிலுள்ள புரதம் இறுகிப்போய் இழுபடும் குணத்தை இழந்துவிடுகிறது; ஆகையால் உரலிலிருந்து விழும் இழைகள் ஒன்றோடொன்று பிணையாமல் பூப்போல நிற்கின்றன. கனடாவின் கோதுமை பாண் செய்வதற்கு உலகெங்கும் பெயர் பெற்றது. அந்தப் பெயருக்குக் காரணமாகிய புரதமிகுதியே இடியப்பத்துக்குச் சத்துருவாக வந்து வாய்க்கிறது. அவிக்கும் நேரத்தைச் சுருக்கியவர்களுக்கு இடியப்பம் ரப்பராகிவிடும். எத்தனையோ பெண்கள் வேலை முடிந்து வந்த இரவுகளில் இந்த மாவோடு போராடி, எவ்வளவு நேரம் அவித்தால் ஊர்ப்பதம் வரும் என்பதைத் தாமே கண்டுபிடித்தார்கள். இதனை நான் ஒரு மகத்தான பிரயத்தனமாகவே மதிக்கிறேன்.

சொதிக்குத் தேங்காய்ப்பாலோடு பசுப்பாலும் சேர்ந்தது. திருவிய தேங்காய்க்குப் பதில் உலர்ந்த தேங்காய்ப்பூ வெந்நீரில் நனைந்தது. தோசை மா மின்னடுப்பின் உள்ளறையில் விளக்கை ஏற்றிவைத்துப் புளித்தது. தூள் ஒன்றுதான் இணங்க மறுத்தது. செத்தல் மிளகாயையும் மல்லியையும் பெருஞ்சீரகத்தையும் கறிவேப்பிலையோடு வறுக்கும் நெடி மாடிக் குடியிருப்பில் புகை அறிவிப்பானை அலறவைக்கும் என்பதால், ஊரிலிருந்து வருகிறவர்களின் பெட்டியிலே தூள் வந்தது, இன்னமும் வருகிறது. இத்தகைய மாற்றங்கள் நமக்குப் புதியனவுமல்ல. கூழின் காரத்துக்கு ஆதாரமான மிளகாயும், அதிலே வேகும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவையே. அவை வருவதற்கு முன்னிருந்த கூழ் எப்படி ருசித்தது என்று இன்று சொல்ல ஒருவருமில்லை.

என் கவலை அந்த இடத்திலேதான் தொடங்குகிறது. மாற்றுப் பொருளைக் கையாண்ட முதல் தலைமுறைக்கு ஊரின் ருசி நாவிலே இருந்தது. புளி போதாது, கூழ் தடித்துவிட்டது, தூள் கருகிவிட்டது என்று தீர்ப்புச் சொல்ல அந்த நாவே நியாயாதிபதியாக இருந்தது. 1983ஆம் ஆண்டில் இலங்கையில் நடந்த கலவரத்தின் பின் முப்பது வயதில் விமானம் ஏறிய ஒரு பெண்மணிக்கு இன்று எழுபதுக்கு மேலாகிறது. அவர் அளந்ததெல்லாம் கைப்பிடியாலும் கண்ணாலும். அவருடைய பேத்தியிடம் இருப்பதோ மாப் பையின் பின்புறத்தில் அச்சிட்ட நான்கு வரிகள். அந்த நாவு இல்லாத வீட்டிலே, எது ஊரின் பதம், எது அவசரத்துக்குச் செய்துகொண்ட ஏற்பாடு என்று பிரித்தறிவார் எவர்? பிள்ளைகளுக்கு அவர்கள் வீட்டுக் கூழே கூழ், அதில் என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அபிப்பிராயத்திலும் ஓரளவு நியாயமிருக்கலாம். ஆனால் தெரிந்தே கைவிடுவது வேறு, தெரியாமலே இழப்பது வேறு. எந்தக் குடும்பமும் இரண்டாவதைத் தானாக விரும்பித் தேர்ந்துகொண்டதாக நான் காணவில்லை.

ஆகவே, அம்மம்மா அடுப்படியில் நிற்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். அவர் அள்ளும் கைப்பிடி மாவைச் சட்டிக்குள் போகுமுன் தராசிலே போட்டு நிறுத்துக்கொள்ளலாம். பழப்புளியைக் கரைக்க அவர் விடும் தண்ணீரை ஒரு கோப்பையால் அளக்கலாம். பலாக்கொட்டையும் மரவள்ளியும் எவ்வளவு வெந்தபின் மீனும் நண்டும் இறங்குகின்றன, கரைத்த ஒடியல் மாவும் அரைத்த செத்தல் மிளகாயும் எப்போது சேருகின்றன என்பதை வரிசையாகக் குறிக்கலாம். கூழின் தடிப்பை அவர் அகப்பையைத் தூக்கிப் பார்த்துத் தீர்மானிப்பார். அப்போது எதைப் பார்த்தார் என்று அந்தக் கணத்திலேயே கேட்க வேண்டும், பின்னர் கேட்டால் அவருக்கே சொல்ல வராது. “இதெல்லாம் எழுதுற விசயமே, பிள்ளை?” என்று அவர் சலித்துக்கொள்ளக்கூடும். சலித்தாலும் எழுத வேண்டும். காகிதத்தில் கறை பட்டால் அன்றிரவே வேறொரு தாளில் பிரதி செய்து, ஒன்றை ஊரிலுள்ள சகோதரிக்கும் அனுப்பி, அவர் சொல்லும் திருத்தங்களையும் அதன் ஓரத்திலேயே குறித்துவைக்க வேண்டும்.