கீமோவும் கஷாயமும்

கீமோ தொடங்கிய வீட்டுக்குப் பழக்கூடையோடு யோசனைகளும் வந்து சேரும். "அஸ்வகந்தா குடுங்க, உடம்பு தேறும்" என்பார் ஒருவர். "சீந்தில் கஷாயம் வச்சுக் குடுங்க" என்பார் இன்னொருவர். கொடுக்கலாமா? ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் முடிகிற விஷயமில்லை.

கட்டியை அழிப்பது ஒரு வேலை. சிகிச்சையால் வரும் குமட்டல், அசதி, தூக்கமின்மையைச் சமாளிக்க உதவுவது வேறு வேலை. ஆயுர்வேதம் கைகொடுக்கக்கூடியது இரண்டாவதில்தான். முதல் வேலைக்கு அதை மட்டும் நம்புவது ஆபத்து. 2024 நவம்பரில், வேம்பும் மஞ்சளும் புற்றுநோயைக் குணமாக்கியதாக ஒரு பேச்சு பரவியபோது, மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையின் இந்நாள், முன்னாள் மருத்துவர்கள் 262 பேர் கையெழுத்திட்டு, அதற்கு ஆதாரமில்லை, சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று அறிக்கை விட்டார்கள்.

இரண்டாவது வேலைக்கு இஞ்சி நல்ல உதாரணம். 2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாளுக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை இஞ்சி எடுத்தவர்களுக்குக் கீமோ அன்றைய குமட்டல் குறைந்தது. வாந்தி மாத்திரையை நிறுத்திவிட்டு அல்ல, அதோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள்.

அடுத்தது அளவு. குழம்பில் போடும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். கேப்ஸ்யூல் கதை வேறு. மஞ்சளில் உள்ள குர்குமின் உடம்பில் எளிதில் சேராது என்பதால், மிளகிலிருந்து எடுத்த பைப்பரினைக் கூடச் சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்த்தால் ரத்தத்தில் ஏறும் குர்குமின் பல மடங்காகிறது என்று 1998-லேயே பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வு காட்டியது. சிக்கலும் அங்கேதான். மற்ற மருந்துகளைக் கல்லீரல் கையாளும் விதத்தையும் பைப்பரின் மாற்றிவிடும். 2019-ல் நெதர்லாந்தில், மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்களுக்குக் குர்குமினும் பைப்பரினும் கொடுத்துப் பார்த்தார்கள். டமாக்சிஃபெனிலிருந்து உடம்பு உண்டாக்கிக்கொள்ளும் வீரியமான பொருளின் அளவு ரத்தத்தில் குறைந்தது. இப்படிக் குறைவது நோயாளிக்குத் தெரியவே தெரியாது.

சொல்லாமல் சாப்பிடுவதில் இன்னொரு வினை இருக்கிறது. அஸ்வகந்தா, சீந்தில் இரண்டிலும், அரிதாகவே என்றாலும், கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. அப்படி ஆனால், அடுத்த கீமோவுக்கு முன் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி எகிறியிருக்கும். சூரணம் உள்ளே போவது டாக்டருக்குத் தெரியாது. கீமோவால்தான் என்று நினைத்து மருந்தின் அளவைக் குறைப்பார், அல்லது ஊசியைத் தள்ளிவைப்பார். பலன் தந்துகொண்டிருந்த சிகிச்சை வீணாகத் தடைபடும்.

பச்சைச் சாறுகளிலும் கவனம் வேண்டும். பல கீமோ மருந்துகளில், ஊசி போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளணு மிகவும் இறங்கியிருக்கும். அந்த நேரத்தில், சரியாகக் கழுவாத அருகம்புல்லைப் பச்சையாக அரைத்துக் குடித்தால் அதிலுள்ள கிருமியே காய்ச்சலில் படுக்க வைத்துவிடும். பஸ்பம் கலந்த மருந்தானால் ஈயம், பாதரசம் பற்றிய கேள்வியும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே, பெயரை வாயால் சொன்னால் போதாது. டப்பாவையே புற்றுநோய் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நாட்டு மருந்துக்கடைப் பொட்டலமானால் அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். மருத்துவர் சரி என்றால், ஒரு நேரத்தில் ஒரு மருந்தை மட்டும் தொடங்குங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் எது என்று கண்டுபிடிக்க முடியும். ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டால், எதை எப்போது நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். சில மூலிகைகள் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும்.

ஆயுர்வேத வைத்தியரிடம் போகும்போது ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துப் போங்கள். நாடி பிடிப்பதோடு அந்த ஃபைலையும் கேட்டு வாங்கிப் படிக்கிறவரிடம் மருந்து வாங்கலாம். அதைத் திறந்தே பார்க்காமல் "கீமோவை நிறுத்துங்க, நான் பார்த்துக்கிறேன்" என்பவரிடம் நாடியைக்கூடக் கொடுக்க வேண்டாம்.