துணி இழையிலிருந்து கார்பன் இழை

மும்பை தாராவியில் கும்பர்வாடா என்பது குயவர்களின் குடியிருப்பு. சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் சந்ததியார் அங்கு மட்கலம் வனைந்து வருகின்றனர். அவர்களுடைய சூளைகளில் பஞ்சுக் கழிவும் கந்தல் துணியும் நெடுங்காலமாக எரிபொருளாக இடப்பட்டு வந்துள்ளன. கலங்கள் வெந்து முடிந்தபின் எஞ்சுவது சிறிதளவு சாம்பலே. பஞ்சில் இருந்த கார்பன், காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடிப் புகையோடு போய்விடுகிறது. அதே பஞ்சு நூலைக் காற்றுப் புகாத கலத்தில் வைத்துச் சூடேற்றினால் விளைவு வேறாகின்றது. நீராவியும் பிற வாயுக்களும் வெளியேற, நூலின் வடிவம் கெடாமல் கரிய இழையொன்று மிஞ்சுகிறது. 1879ஆம் ஆண்டில் எடிசன் தமது மின்விளக்கினுள் ஒளிரச் செய்தது இவ்வாறு கரியாக்கப்பட்ட பருத்தி நூலையே ஆகும். மறு ஆண்டில் மூங்கில் நார் அதன் இடத்தைப் பெற்றது. ஆயினும் அவ்விழை மிகவும் நொய்ம்மையானது. விளக்கிற்கு அது போதுமானதாயிருந்தது. பாரம் தாங்கும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

இன்று விமானச் சிறகுகளிலும் காற்றாலை அலகுகளிலும் இடம் பெற்றுள்ள கார்பன் இழை, தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லியது. அதன் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து முதல் பத்துப் பங்கே. அதன் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் கால் பங்கிற்கும் குறைவு. சாதாரண ரகத்தைச் சேர்ந்த இழைகளை ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பு வருமளவு திரட்டினால், அக்கற்றை ஏறத்தாழ 350 கிலோகிராம் எடையைத் தாங்கும். எடிசனின் நொய்ந்த கரிநூல் இந்நிலையை எய்தியது எவ்வாறு?

1958இல் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவன ஆராய்ச்சிச்சாலையில் ரோஜர் பேக்கன் என்பவர் மிக வலிய கிராபைட் இழைகளை உண்டாக்கிக் காட்டினார். கார்பன் அணுக்கள் தகடு தகடாக அமைந்து, அத்தகடுகள் இழையின் நீளத்திற்கு இணையாகப் படிந்தால் வலிமை பிறக்கும் என்பது அதனால் தெளிவாயிற்று. இவ்வொழுங்கைத் தொழிற்சாலையில் பெறுவது எப்படி என்பதே அடுத்து எழுந்த கேள்வி. அந்நாட்டில் ரேயான் இழை கையாளப்பட்டது. ஆனால் ரேயானும் பருத்தியைப் போன்றே செல்லுலோஸ் ஆனமையால், சூட்டில் எடையின் பெரும்பகுதியை இழந்துவிடும். எஞ்சியதை ஒழுங்குபடுத்த, 2,500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட கொடிய வெப்பத்தில் இழுத்து நீட்ட வேண்டியிருந்தது. செலவு மிகுந்த வழி இது.

ஒசாகா நகரின் அரசாங்கத் தொழில் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அகியோ ஷிண்டோ, வேறொரு துணி இழையை எடுத்துக்கொண்டார். கம்பளிக்குப் பதிலாக அணியப்படும் அக்ரிலிக் இழையே அது. அக்ரிலிக் இழையைக் காற்றில் மெல்லச் சூடேற்றினால் கருத்துப்போய், பின்னர் தீயிலிட்டாலும் எரியாது என்பதை 1950இலேயே ஊட்ஸ் என்ற அமெரிக்க ரசாயனியார் எழுதியிருந்தார். 1959இல் தொடங்கிய ஷிண்டோவின் சோதனைகள், அதனைக் கார்பனாக்கினால் எடையில் ஏறக்குறைய பாதி மிஞ்சுகிறது என்பதைக் காட்டின. பாலி அக்ரிலோ நைட்ரைல் எனப்படும் அதன் மூலக்கூறு நீண்ட சங்கிலி போன்றது. காற்றில் 200 முதல் 300 டிகிரி வரை வெம்மையூட்டுகையில், சங்கிலியின் பக்கக் கிளைகள் ஒன்றோடொன்று பிணைந்து ஏணி போல் ஆகின்றன. ஏணியான பின் அது உருகுவதில்லை. ஆகவே கடும் வெப்பத்திலும் வடிவம் குலையாமல் நிற்கிறது.

இன்னும் ஒரு குறை இருந்தது. சூடேறும் இழை சுருங்கும். சுருங்குகையில் மூலக்கூறுகள் தம் ஒழுங்கை இழக்கும். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் வில்லியம் வாட், லெஸ்லி பிலிப்ஸ், வில்லியம் ஜான்சன் ஆகியோர் இழையைச் சட்டத்தில் சுற்றிச் சுருங்கவொட்டாமல் பிடித்துக்கொண்டு ஆக்ஸிகரணம் செய்தனர். பிற்பாடு நைட்ரஜன் வாயுவில் சூடேற்றியபோது, அதுவரை காணாத விறைப்பும் வலிமையும் கிடைத்தன. 1964இல் இம்முறைக்குக் காப்புரிமை கோரப்பட்டது. பாவு நூலைத் தளர விடாமல் இழுத்துக் கட்டி வைக்கும் நெசவாளிக்கு இந்த யோசனை புதிதாகத் தோன்றாது. எனினும் உலகெங்கும் இன்று பெரும்பாலான கார்பன் இழை இந்த ஒரு யோசனையின் மீதுதான் நிற்கிறது.

ஆலையில் ஆயிரக்கணக்கான இழைகள் சேர்ந்த கற்றைகள், உருளைகளின்மேல் இழுபட்டபடியே உலைகளுக்குள் செல்கின்றன. முதல் உலையில் காற்று. இங்கு ஒரு மணி நேரத்திற்கு மேலும் ஆகலாம். ஆக்ஸிகரணம் தானே வெப்பத்தை வெளியிடுவதால், அவசரப்பட்டால் கற்றை தீப்பற்றிக்கொள்ளும். அடுத்த உலைகளில் நைட்ரஜன் சூழ 1,000 முதல் 1,500 டிகிரி. வெளியேறும் வாயுக்களில் கொடிய நஞ்சான ஹைட்ரஜன் சயனைடும் கலந்திருத்தலின், அவை எரித்து நீக்கப்படுகின்றன. அதிக விறைப்பு வேண்டுமாயின் 2,000 டிகிரிக்கு மேலும் செல்ல வேண்டும். இறுதியில், பிசின் நன்கு பற்றும்பொருட்டு, மின்னோட்டத்தின் துணையால் இழையின் மேற்பரப்பு பதப்படுத்தப்படுகிறது. நெசவு நூலுக்குக் கஞ்சி போடுவதைப் போன்று, இழைக்கும் ஒரு மேற்பூச்சு தரப்படுகிறது.

புதிய பொருளின்மேல் அளவு கடந்த நம்பிக்கை வைத்த ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்திற்கு இடர் நேர்ந்தது. அதன் ஆர்.பி.211 விமான எஞ்சினுக்குக் கார்பன் இழை விசிறி அலகுகள் அமைக்கப்பட்டன. 1970இல் நடந்த சோதனையில், எஞ்சினுக்குள் பறவை மோதும் அதிர்ச்சியை அவை தாங்கவில்லை. டைட்டேனியத்திற்கு மாற நேர்ந்தது. 1971 பிப்ரவரியில் நிறுவனமே நொடித்தது. காரணம் அலகுகள் மட்டுமன்று. எஞ்சினின் மொத்தச் செலவே கைமீறியிருந்தது. இழுப்பதைத் தாங்கும் இழை, குறுக்கே விழும் அடியையும் தாங்கும் எனக் கொள்ளலாகாது. அதே 1971இல் ஜப்பானின் டோரே நிறுவனம் வாணிப உற்பத்தியைத் தொடங்கியது.

இந்தியாவிற்கோ இப்பொருள் விலைக்கு வாங்கும் சரக்காக மட்டும் இருக்க இயலவில்லை. ஏவுகணைகளுக்கும் பயன்படுவதால், 1987இல் ஏற்பட்ட ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டில் கார்பன் இழை சார்ந்த பொருள்களும் கருவிகளும் சேர்க்கப்பட்டன. அதில் இந்தியா உறுப்பினரானது 2016இல்தான். இடைக்காலத்தில் பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகத்தில் விமானப் பகுதிகளைக் கார்பன் இழையால் அமைக்கும் கலை வளர்ந்தது. 2001 ஜனவரி 4 அன்று முதன்முதல் பறந்த தேஜஸ் போர்விமானத்தின் உடற்கட்டு எடையில் 45 சதவீதம் இத்தகைய கூட்டுப்பொருள்களே. தோலையும் உள்விட்டங்களையும் ஒருங்கே ஆட்டோகிளேவில் வேகவைத்து ஒன்றாக்கும் முறையால், ஆணிகளின் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. இழை செய்யும் தொழில்நுட்பத்தையும் இதே ஆய்வகம் உருவாக்கி, வடோதராவின் கெம்ராக் நிறுவனத்திற்கு வழங்கியது. அங்கு 2010இல் ஆலை இயங்கத் தொடங்கியது. அந்நிறுவனம் பின்னர் தளர்ந்து, அதன் சொத்துக்கள் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ரிலையன்ஸ் குழுமத்தை அடைந்தன. ஹஜீராவில் பெரிய கார்பன் இழை ஆலை ஒன்றை அமைக்கப்போவதாக 2022இல் இக்குழுமம் அறிவித்தது.

உலை அமைப்பதைவிட மூல இழையைப் பெறுவது கடினம் என்பதை இத்துறையில் இறங்கிய ஒவ்வொரு நாடும் உணர்ந்திருக்கிறது. ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூல் இதற்கு ஆகாது. அதில் சாயம் பிடிப்பதற்கும் மென்மைக்கும் சேர்க்கப்படும் பொருள்கள் மிகுதி. நூற்கும்போது ஒரு தூசி புகுந்தால், அந்த இடமே கார்பன் இழை அறுபடும் இடமாகிவிடும். ஆகவே, துணி ரசாயனத்தை ஆழக் கற்றோர் இதற்குத் தேவை. மும்பையில் அக்கல்வி மிகப் பழையது. 1933இல் தொடங்கி 1943இல் மாதுங்காவிற்கு வந்த பல்கலைக்கழக ரசாயனத் தொழில்நுட்பத் துறை, ஆரம்பத்தில் கற்பித்த பாடங்களுள் ஒன்று துணி ரசாயனமே. அதுவே இன்றைய ரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம். செம்பூரை அடுத்த மாகுலில் 1950களின் நடுவில் இரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. அக்ரிலோ நைட்ரைலுக்கு மூலமான புரோப்பிலீன் வாயு, எண்ணெயைப் பிளக்கும் இத்தகைய நிலையங்களில் கிடைப்பது. அருகிலுள்ள டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையத்திலோ, கார்பன் இழையைக் கார்பனிலேயே பதித்து, உயர் வெப்ப அணு உலைகளுக்கு ஏற்ற பொருளாக்கும் ஆராய்ச்சி நடைபெற்றுள்ளது.

கழிவைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். தாராவியின் பட்டறைகளில் பழைய பிளாஸ்டிக் தரம் பிரிக்கப்பட்டு, நறுக்கப்பட்டு, உருக்கப்பட்டு மணிகளாக வெளிவருகிறது. கார்பன் இழைப் பண்டங்களுக்கு இவ்வழி பெரும்பாலும் உதவாது. அவற்றைப் பிணைக்கும் பிசின் ஒருமுறை இறுகினால் மீண்டும் உருகுவதில்லை. ஏறத்தாழ 500 டிகிரியில் காற்றைக் கட்டுப்படுத்திச் சூடேற்றினால் பிசின் ஆவியாகி நீங்கும்; இழை மிஞ்சும். ஆனால் அது நீண்ட கற்றையாக வருவதில்லை. துண்டு துண்டாக, கரிய பஞ்சுபோல் வருகிறது. அதனை மீண்டும் பயன்படுத்துவோர் பஞ்சாலையில் உள்ளதைப் போன்ற சிக்கெடுக்கும் இயந்திரத்தில் இட்டு, சீவி, விரிப்பாக்குகின்றனர்.