வேர்ச் சிகிச்சைக்குப் பின்: பல்லுக்கு உறை தேவையா?

எங்கள் பல் மருத்துவப் பிரிவுக்குப் பிளந்த பல்லுடன் வருவோரை நாங்கள் அவ்வப்போது காண்கிறோம். விசாரித்தால், சில மாதங்களுக்கு முன் வேர்ச் சிகிச்சை செய்துகொண்டதாகவும், வலி நின்றுவிட்டதால் உறை போடுவதைத் தள்ளிவைத்ததாகவும் கூறுவர். பிளவு வேரின் ஆழம்வரை இறங்கியிருந்தால் அப்பல்லை அகற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. முன்பு செலவிட்ட பணமும் பல்லும் ஒருசேரப் போய்விடுகின்றன.

வலி நின்றதனால் பல் வலுப்பெற்றதென்று பொருளன்று. சொத்தையும், சிகிச்சைக்காகத் திறந்த துளையும் பல்லின் உட்பகுதியைக் குறைத்துவிடுகின்றன. மிஞ்சிய மெல்லிய சுவர்கள் மெல்லும் அழுத்தத்தில் வெடிக்கக்கூடும். தற்காலிக அடைப்போ சில வாரங்களுக்கு மட்டுமே உரியது. அது கசிந்தால் உமிழ்நீருடன் கிருமிகள் மீண்டும் உள்ளே இறங்கும்.

எல்லாப் பற்களுக்கும் உறை கட்டாயமா? இல்லை. பெரிதும் சிதையாத முன்பல்லுக்குப் பல் நிற அடைப்பே போதுமானதாக இருக்கலாம். உணவை அரைக்கும் கடைவாய்ப் பற்களுக்குப் பெரும்பாலும் உறை தேவைப்படும். பல்லின் மேற்பகுதி மிகக் குறைவாக எஞ்சியிருந்தால், வேருக்குள் சிறு தண்டு பொருத்தி, அதன்மேல் அடித்தளம் கட்டிய பிறகே உறை போட இயலும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

உறைகளில் உலோக உறையே பொதுவாக விலை குறைந்தது, உறுதியானது. வெளியே தெரியாத கடைவாய்க்கு அது பொருத்தமானது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். உலோகத்தின்மேல் பீங்கான் பூசிய உறை பல் நிறம் கொண்டது. ஆயினும் பீங்கான் சில்லுச் சில்லாய்ப் பெயரக்கூடும். ஜிர்கோனியா உறை உறுதியும் பல் நிறமும் கொண்டது, விலை கூடுதல். விலை உயர்ந்ததுதான் உங்கள் பல்லுக்கு உகந்தது என்று எண்ண வேண்டியதில்லை.

பணம் குறித்துத் தயங்காது கேளுங்கள். வேர்ச் சிகிச்சை தொடங்கும் முன்பே, அடித்தளம், உறை, ஆய்வகக் கட்டணம் அனைத்தும் அடங்கிய மதிப்பீட்டை எழுத்தில் பெறுங்கள். உறை கழன்றாலோ உடைந்தாலோ யார் பொறுப்பு என்பதையும் கேளுங்கள். பல மருத்துவக் காப்பீடுகள் புறநோயாளியாகப் பெறும் பல் சிகிச்சையை ஏற்பதில்லை. உங்கள் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். தனியார் கட்டணம் இயலாதவர்கள் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை நாடலாம்.

உடனே பணம் திரட்ட இயலாவிடில், அதை மறைத்துச் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் கூறுங்கள். தற்காலிக அடைப்பை அகற்றி நிலையான அடைப்பு வைக்கவும், பல்லின் உயரத்தைச் சற்றுக் குறைத்து அழுத்தத்தைத் தணிக்கவும் இயலும். உறை போடும்வரை முறுக்கு, சீடை, எலும்பு போன்றவற்றை அப்பக்கம் கடிக்காதீர்கள்.

உறை போட்ட பல்லிலும், ஈறை ஒட்டிய விளிம்பில் சொத்தை விழும். நரம்பு அகற்றப்பட்ட அப்பல் வலித்து எச்சரிக்காது. ஆகவே நாள்தோறும் இருமுறை துலக்குவதும், மருத்துவர் கூறும் இடைவெளியில் சோதித்துக்கொள்வதும் அவசியம்.