நாய்க்கும் பூனைக்கும் கத்திரி வெயில்: முதலில் குளிரவையுங்கள், பிறகு கிளம்புங்கள்

மே முதல் வாரத்தில் தொடங்கும் கத்திரி மாதக் கடைசிவரை வாட்டி எடுக்கும். வேலூர், திருத்தணி, கரூர், ஈரோடு, மதுரை வட்டாரங்களில் அந்த நாட்களில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டது. கடலோரத்திலோ வெயிலோடு புழுக்கமும் சேர்ந்துகொள்கிறது. நமக்கு வெயில் தாங்கவில்லை என்றால் உள்ளே போய்விடுகிறோம், ஃபேனைப் போடுகிறோம், மோர் குடிக்கிறோம். சங்கிலியில் கிடக்கும் நாய்க்கும் கூண்டிலிருக்கும் கிளிக்கும் இந்த வசதி இல்லை. எங்கே இருப்பது, எப்போது நடப்பது, எதைக் குடிப்பது எல்லாமே வளர்ப்பவர் முடிவு.

அதனால்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: வளர்ப்புப் பிராணிகள் வெயிலுக்குப் பலியாவது பெரும்பாலும் தடுக்கக்கூடியது. அவற்றின் உடம்பு எப்படிச் சூட்டைத் தணிக்கிறது என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நாக்குதான் வழி

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நம்முடையதைவிடச் சற்று அதிகம். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்குப் பாதத்தின் அடிப்பகுதியில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும், அது போதாது. நாக்கைத் தொங்கப் போட்டு வேகவேகமாக இரைக்கும்போது நாக்கிலும் வாயிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகிறது. அந்த ஆவியோடுதான் உடம்புச் சூடும் வெளியேறுகிறது.

காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நாக்கின் ஈரம் எளிதில் ஆவியாகாது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடியில் வெப்பமானி காட்டும் எண் குறைவாக இருந்தாலும் நாய் தவிப்பதற்கு இதுவே காரணம். வெறும் ஃபேன் காற்றும் நாய்க்குப் பெரிதாக உதவாது; வியர்வையில்லாத உடம்பில் ஆவியாக ஈரமில்லை. வயிறு, தொடை இடுக்கு, பாதங்களை நனைத்துவிட்டு ஃபேனைப் போட்டால் நல்ல பலன் தெரியும்.

இரைப்பதால் வெளியேறும் சூட்டைவிட உள்ளே சேரும் சூடு அதிகமானால் உடல் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். 41 டிகிரியைத் தாண்டினால் மூளை, சிறுநீரகம், குடல், ரத்தம் உறையும் தன்மை எல்லாம் பாதிக்கப்படத் தொடங்கும். அதுதான் வெப்பத்தாக்கு.

எந்த நாய்க்கு ஆபத்து அதிகம்?

பிரிட்டனில் ராயல் வெட்னரி கல்லூரியின் வெட்காம்பஸ் திட்டத்தில் சேர்ந்த சிகிச்சைப் பதிவுகளைக் கொண்டு 2020-இல் ஆய்வுகள் வெளியாயின. லாப்ரடாரோடு ஒப்பிட்டால் புல்டாக்குக்கு வெப்பத்தாக்கு வரும் வாய்ப்பு சுமார் 14 மடங்கு, பக் நாய்க்கு மூன்று மடங்கு என்று அவை காட்டின. முகம் சப்பையான இனங்களுக்கு மூச்சுப்பாதை குறுகலானது. இரைத்தாலும் போதிய காற்று உள்ளே போகாது. ஷிட்சு நாய்க்கும் பாரசீகப் பூனைக்கும் இதே தொல்லைதான்.

அதே ஆய்வில் கிரேஹவுண்ட் இனத்துக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் இருந்ததைக் கவனிக்க வேண்டும். ஒல்லியான, முடி குறைந்த வேட்டை நாய்க்கே இந்த நிலை. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை நம் மண்ணுக்குப் பழகியவைதான். அதற்காக மத்தியான வெயிலில் ஓடவிட்டால் தாங்கும் என்று பொருளில்லை. வெப்பத்தாக்குக்கு ஆளான நாய்களில் ஏறக்குறைய நான்கில் மூன்றுக்கு அது நடை, ஓட்டம், விளையாட்டு போன்ற உடல் உழைப்பால்தான் வந்தது என்பது இந்த ஆய்வுகள் சொன்ன இன்னொரு முக்கியமான செய்தி.

ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு போன்றவை குளிர்நாட்டு நாய்கள். இரட்டை அடுக்கு முடியோடு பிறந்தவை. தமிழ்நாட்டு வெயிலில் இவற்றை வளர்ப்பதே அவற்றுக்குத் துன்பம். வாங்க நினைப்பவர்கள் வாங்காமலிருப்பதே நல்லது. ஏற்கெனவே இருந்தால் முடியை ஒட்ட மழிக்க வேண்டாம். தோல் நேரடியாக வெயிலில் படும், முடியும் பழையபடி வளராமல் போகலாம். தினமும் சீவி உதிர்ந்த உள்முடியை எடுத்துவிட்டால் போதும். குட்டிகள், வயதானவை, பருமனானவை, இதய நோய் உள்ளவை ஆகியவற்றுக்கும் கூடுதல் கவனம் வேண்டும்.

வெப்பத்தாக்கு வந்துவிட்டால்

அடையாளங்கள் தெளிவானவை. இரைப்பு நிற்காது, சத்தமாகும். எச்சில் கெட்டியாக ஒழுகும். ஈறு செக்கச்செவேலென்று ஆகும், முற்றினால் வெளிறும். நடை தள்ளாடும், வாந்தியும் பேதியும் வரும், வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். அப்போது செய்ய வேண்டியவை:

• உடனே நிழலுக்கு, முடிந்தால் வீட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

• குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்கத் தாராளமாக ஊற்றிக்கொண்டே இருங்கள். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் போகாமல் தலையைத் தூக்கிப் பிடியுங்கள்.

• ஊற்றும்போதே ஃபேன் காற்று படட்டும். ஈரத் துணியைப் போர்த்தி விட்டுவிடாதீர்கள். சற்று நேரத்தில் துணியே சூடாகி உடம்புச் சூட்டை அடைத்துவிடும்.

• நினைவோடு இருந்தால் குடிக்கத் தண்ணீர் வையுங்கள். வாயைத் திறந்து ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

• வீட்டில் வெப்பமானி இருந்தால் ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 39.5 டிகிரிக்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். அதற்கும் கீழே குளிர்ந்துபோவதும் கெடுதல்.

• பிறகு கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள். வழியிலும் காற்று வரட்டும்.

இந்த வரிசையில்தான் பலர் தவறுகிறார்கள். பதற்றத்தில் நாயை அப்படியே ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். போக்குவரத்து நெரிசலில் கழியும் அரை மணி நேரமும் உள்ளுறுப்புகள் வெந்துகொண்டிருக்கும். முதலில் குளிரவையுங்கள், பிறகு கிளம்புங்கள். தண்ணீர் ஊற்றியதும் நாய் எழுந்து வாலாட்டினாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகப் பாதிப்பும் ரத்தக்கசிவும் ஓரிரு நாள் கழித்து வெளிப்படக்கூடும்.

உடம்பு கொதிக்கிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். இது நோயால் வந்த காய்ச்சல் இல்லை, அந்த மருந்து இதற்குக் கேட்காது. பூனைக்கு ஒரே ஒரு மாத்திரைகூட உயிரைக் குடிக்கும். நாய்க்கும் ஈரலைக் கெடுக்கும்.

மொட்டை மாடி, தார்ச்சாலை, கார்

நம் ஊர்களில் நாயைக் கட்டும் இடம் பெரும்பாலும் மொட்டை மாடி, மாடிப்படியின் அடி, இல்லையென்றால் வாசல் கேட். மாடியில் கல்நார் அல்லது தகர ஷீட் போட்டிருந்தால் நிழல் கிடைக்கும், ஆனால் ஷீட்டிலிருந்து இறங்கும் அனல் அடியிலிருப்பதை வாட்டும். மார்ச் முதல் ஜூன் வரை நாயைக் கீழ்த்தளத்துக்கு இறக்குங்கள். காற்றோட்டமான திண்ணை, குளியலறையின் வெறுந்தரை, வேப்பமர நிழல் போதும். காலையில் நிழலான இடம் மத்தியானம் வெயிலாகும். சங்கிலியில் இருக்கும் நாயால் நிழலைத் தேடிப் போக முடியாது என்பதை மறக்காதீர்கள்.

வாக்கிங் காலை ஏழு மணிக்கு முன் முடியட்டும். மாலையில் சூரியன் இறங்கியதும் உடனே கிளம்பாதீர்கள். தார்ச்சாலை குடித்த சூட்டை வெகுநேரம் வைத்திருக்கும். புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் நாயின் பாதமும் பொரியும். ஒரு வேளை நடக்காமல் போனால் நாய்க்கு ஒன்றும் ஆகாது.

நிறுத்திவைத்த காரில் இரண்டு நிமிடம்கூட விட்டுச் செல்ல வேண்டாம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, வெயிலில் நிற்கும் காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்தும் பெரிய மாற்றமில்லை.

தண்ணீரும் சாப்பாடும்

எவர்சில்வர் கிண்ணம் வெயிலில் கொதிக்கும். நாய் முகர்ந்துவிட்டு விலகிவிடும். மண் சட்டியோ சிறிய சிமெண்ட் தொட்டியோ வையுங்கள். இரண்டு மூன்று இடங்களில், நிழலில், கவிழாதபடி இருக்கட்டும். தினமும் கழுவி மாற்றினால் கொசுவும் முட்டையிடாது.

வெயில் நாளில் பசி குறைவது இயல்பு. சாப்பாட்டைக் காலையிலும் இரவிலும் பிரித்துக் கொடுங்கள். தயிர் சாதம் ஒத்துக்கொள்ளும் நாய்க்குக் கொஞ்சம் கொடுக்கலாம், தாளிப்பு இல்லாமல். வெங்காயம் போட்ட மோர் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் ரத்த அணுக்களையும் சிதைக்கும். விதை நீக்கிய தர்பூசணித் துண்டுகள் நல்லவை. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைத் தாக்கும். இது மாம்பழக் காலம் என்பதால் குப்பைக்கூடையை மூடி வையுங்கள். நாய் விழுங்கிய மாங்கொட்டை குடலை அடைத்து அறுவை சிகிச்சைவரை கொண்டுபோகும்.

உண்ணி ஒரு பக்கம்

சூட்டில் நாய் உண்ணி வேகமாகப் பெருகும். சுவர் விரிசலிலும் கூண்டின் மூலையிலும் முட்டையிடுவதால் நாயை மட்டும் சுத்தம் செய்தால் போதாது, இடத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். உண்ணி கடித்துப் பரவும் எர்லிகியா, பபீசியா கிருமிகள் கடுங்காய்ச்சல், சோர்வு, வெளிறிய ஈறு, சில சமயம் மூக்கில் ரத்தம் என்று முடியும். காது மடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி ஆகியவற்றைத் தினமும் தடவிப் பாருங்கள். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். அவற்றில் சிலவற்றிலுள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

பூனை, பறவை, மீன்

பூனை தானாகவே குளிர்ந்த மூலையைத் தேடிக்கொள்ளும், உடம்பை நக்கி நக்கி ஈரமாக்கிக்கொள்ளும். அது நாயைப் போல வாயைத் திறந்து இரைத்தால் அவசர நிலை என்று கொள்ளுங்கள். பூனைகள் தண்ணீரைக் குறைவாகவே குடிக்கும். ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும் தொல்லை உண்டு. மண் பெட்டிக்குத் தள்ளித் தண்ணீர் வையுங்கள், சாப்பாட்டில் நீரைக் கலந்து கொடுங்கள். காற்றுக்காகத் திறந்துவிடும் அடுக்குமாடி ஜன்னல்களுக்கு வலை அடியுங்கள்.

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. லவ் பேர்ட்ஸ் அலகைத் திறந்து, சிறகை உடம்பிலிருந்து விலக்கி நிற்குமானால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். கூண்டைப் பால்கனியிலிருந்து உள்ளே எடுங்கள், குளிக்க அகலமான தட்டில் தண்ணீர் வையுங்கள். பச்சைக்கிளியை வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

மீன்தொட்டியில் தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். மின்வெட்டு நேரத்தில் காற்றுக்குமிழி நின்றுபோனால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கள், தீனியைக் குறையுங்கள்.

சட்டமும் நம் கடமையும்

1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவில் தெளிவாக இருக்கிறது. போதிய உணவு, தண்ணீர், தங்குமிடம் தராததும், அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும் வதை. மாடியில் வெயிலில் கட்டிக் கிடக்கும் நாயும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகிறது. பக்கத்து வீட்டில் அப்படிக் கண்டால் முதலில் பேசிப் பாருங்கள். பலருக்கு அது வதை என்பதே தெரிந்திருக்காது.

உங்கள் பகுதி கால்நடை மருத்துவரின் எண்ணை இன்றே கைபேசியில் பதிந்து வையுங்கள். இரவில் யார் பார்ப்பார்கள் என்பதையும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. மாவட்டங்களில் அரசு கால்நடை மருத்துவமனைகள் உண்டு. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.

வளர்க்க ஆளில்லாத தெருநாய்க்கும் மாட்டுக்கும் காக்கைக்கும் உங்கள் வாசலில் ஒரு தொட்டித் தண்ணீர் வைப்பது செலவில்லாத உதவி. உங்கள் வீட்டுப் பிராணிக்கோ அது உதவி இல்லை, நீங்கள் பட்ட கடன். அதை வாங்கி வந்த அன்றே அதன் நிழலுக்கும் தண்ணீருக்கும் நீங்கள் பொறுப்பேற்றுக்கொண்டுவிட்டீர்கள்.