குரலா, நுரையீரலா?

சாப்பிடும்போது புரையேறினால் தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறார்கள்" என்று சொல்வது நம் வழக்கம். இரண்டு முறை இருமினால் சரியாகிவிடும். ஆனால் பக்கவாதம், பார்க்கின்சன், தசைகளை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய்கள் போன்றவற்றால் விழுங்கும் ஆற்றலை இழந்தவர்களுக்கு இது அன்றாடத் தொல்லை. விழுங்கும் நொடியில் குரல்வளை மேலெழும்பி, மூச்சுக்குழாயின் வாசலை மூடிக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு அந்தக் கதவு சரியாக மூடுவதில்லை. சிலருக்குத் தொண்டையில் உணர்ச்சி குறைந்துபோவதால் இருமல்கூட வராது. நிமோனியா என்று மருத்துவமனையில் சேர்த்த பிறகே வீட்டாருக்கு விஷயம் தெரியவரும்.

எடுத்த எடுப்பிலேயே கத்தியைத் தூக்க வேண்டியதில்லை. விழுங்கும் பயிற்சி, நீரைக் கெட்டியாக்கிக் கொடுப்பது என்று எளிய வழிகள் உண்டு. பலருக்கு அதுவே போதும். முடியாதவர்களுக்கு மூக்கு வழியாகவோ வயிற்றில் துளையிட்டோ குழாய் பொருத்தி உணவு கொடுப்பார்கள்.

"குழாய் போட்டாகிவிட்டதே, பிறகும் ஏன் நிமோனியா வருகிறது?" என்று குடும்பத்தார் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். காரணம் எச்சில். ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. வாயால் ஒரு பருக்கைகூட உண்ணாவிட்டாலும் அந்த எச்சில் கிருமிகளோடு நுரையீரலுக்குள் இறங்கும். (நோயாளியின் வாயைத் தினமும் சுத்தம் செய்வதைப் பல வீடுகளில் மறந்தேவிடுகிறார்கள்.) கழுத்தில் துளையிட்டு, பலூன் வைத்த சுவாசக் குழாயைப் பொருத்தினாலும் பலூனைச் சுற்றி எச்சில் கசியத்தான் செய்கிறது.

இவை எல்லாம் பலன் தராதபோது மிஞ்சும் வழி, காற்றின் பாதையையும் உணவின் பாதையையும் அடியோடு பிரித்துவிடுவது. 1975ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ரோஜர் லிண்டமன் இத்தகைய முறை ஒன்றை விவரித்தார். மூச்சுக்குழாயைக் குறுக்கே வெட்டி, அதன் கீழ்ப்பகுதியைக் கழுத்தின் முன்புறம் தோலோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். நோயாளி அந்தத் துளை வழியாகவே சுவாசிப்பார். மேல்பகுதியை உணவுக்குழாயோடு இணைத்தார் லிண்டமன். அதை மூடித் தைத்துவிடும் முறை பின்னர் வந்தது. தையல் பிரிந்து எச்சில் கசியும் ஆபத்து உண்டு. ஆனாலும் காயம் நன்கு ஆறிவிட்டால் எச்சில் நுரையீரலுக்குப் போக வழியே இல்லை. சிலர் மீண்டும் வாயால் உண்ணவும் தொடங்குகிறார்கள்.

அதற்கான விலை, குரல். நுரையீரலின் காற்று குரல்நாண்களைத் தொடாததால் பேச்சு நின்றுவிடும். வாசனை அறியும் திறனும் குறையும். குரல்வளை உள்ளேயே இருப்பதால் பாதைகளை மீண்டும் இணைக்க முடியும் என்றாலும், நடைமுறையில் அது அரிது.

ஏற்கெனவே பேச்சிழந்து படுக்கையில் இருப்பவருக்கு இதில் இழப்பு குறைவு. பேரப்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் நிலையில் இருப்பவருக்கு? பக்கவாதம் வந்தவர்களில் பலருக்குச் சில வாரங்களில் விழுங்கும் ஆற்றல் திரும்பிவிடும் என்பதால் அவசரப்படக்கூடாது. முற்றிக்கொண்டே போகும் நரம்பு நோயில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. அங்கே முடிவைத் தள்ளிப்போட்டால், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பிள்ளைகள்தான் கையெழுத்துப் போட வேண்டிவரும். நோயாளியிடம் நினைவு தெளிவாக இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

குரலை முன்கூட்டியே பதிவு செய்து வைத்தால், பிற்பாடு கணினி அதே போன்ற குரலில் பேசும் வசதி இப்போது வந்திருக்கிறது. பேச்சு குழறத் தொடங்கும் முன்பே பதிவு செய்வது நல்லது. தாமதித்தால் அந்தக் குழறலும் சேர்ந்தே பதிவாகும்.